நம் குடத்து நீரின் பிறந்தகம்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் கோவில்பட்டி வட்டாரத்து இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "இவ்வாண்டு பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது?" கரிசல் காட்டில் வாழும் நமக்கு மலையும் அருவியும் ஆசை காட்டுவதில் வியப்பில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கருமண். கோடையில் கால் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும் வெடிப்புகள். கண்மாய்க் கரையில் உடைமரம். அதற்கப்பால் தீப்பெட்டி ஆலைகளின் கூரைகள். இவற்றையே பார்த்துப் பழகிய கண்களுக்கு ஓடுகின்ற நீரைக் காண்பதே ஒரு பெருநாள்.

குற்றாலத்தை அறியாதார் நம்மில் இல்லை. சாரல் தொடங்கியது என்ற செய்தி வந்ததும் வேன் பிடித்துப் புறப்படுகிறோம். இக்கட்டுரையோ உங்களை வேறோர் இடத்திற்கு அழைக்கிறது. பொதிகை மலையின் மடியில் பிறக்கும் தாமிரபரணி, பாறைகளுக்கு இடையே வழி அறுத்துக்கொண்டு சமவெளிக்கு இறங்குகின்ற பாபநாசம் மலையிடுக்கே அவ்விடம். அதைச் சூழ்ந்து விரிந்து கிடப்பது களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி வழியாகச் சென்றால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் சென்று இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

அங்கே நாம் செல்லவேண்டியது அழகைக் காண்பதற்காக மட்டுமன்று. உங்கள் அடுப்பங்கரையில் மூடி வைத்திருக்கும் குடத்தில் உள்ள நீர் அந்த மலையிடுக்கின் வழியாகவே இறங்கி வருகிறது. மணமாகி வந்த பெண்ணுக்குப் பிறந்தகம் இருப்பதைப் போல, நம் வீட்டுக் குடிநீருக்கும் ஒரு பிறந்தகம் உண்டு. அதை ஒருமுறையேனும் பார்த்து வருவது, அந்நீரை உண்டு உயிர் வாழும் நம்மீதுள்ள கடமை என்றே கருதுகிறேன்.

கரிசலின் தாகம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைத் தன்னுள் கொண்ட கரிசல் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழையே சராசரி. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் ஆனி, ஆடி மாதங்களில் நமக்கு வாய்ப்பது வறண்ட காற்று மட்டுமே. ஏனெனில் அக்காற்று சுமந்து வரும் நீரைப் பொதிகை மலைத்தொடர் தன் உச்சியிலேயே இறக்கி வைத்துக்கொள்கிறது. மலையில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி போன்ற இடங்களில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரையும் தாண்டும். மலைக்கும் நமக்கும் இடையில் உள்ள தூரமோ ஒரு பகற்பொழுதுப் பயணம்தான்!

கரிசல் மண் மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். அதனாலேயே பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மானாவாரியாக விளைகின்றன. ஆனால் அம்மண் செடிக்கு ஈரம் கொடுக்குமேயன்றி மனிதனுக்குக் குடிநீர் கொடுப்பதில் கருமி. கிணறு தோண்டினால் பல இடங்களில் உப்பு நீர்தான். ஊருணி நீரைச் சீலையில் வடிகட்டிக் குடித்த காலத்தை உங்கள் வீட்டுப் பெரியம்மாக்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இரண்டு குடம் நல்ல தண்ணீருக்காக இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக வெயிலில் நடந்த கால்கள் அவர்களுடையவை. பெண் கேட்டு வந்தவர்களிடம், "உங்கள் ஊரில் தண்ணீர் எத்தனை தொலைவு?" என்று பெண்ணின் தாய் விசாரித்த காலம் அது.

இத்தாகத்தைத் தீர்த்தது தாமிரபரணி. திருநெல்வேலிக்குக் கிழக்கே சீவலப்பேரியில் எடுக்கப்படும் ஆற்றுநீர், குழாய் வழியே வடக்கு நோக்கி ஏற்றப்பட்டுக் கோவில்பட்டிக்கு வந்து சேர்கிறது. ஊர் பெருகி, அந்த ஒரு குழாய் போதாமற் போகவே, அண்மை ஆண்டுகளில் இரண்டாவது குழாய்த் திட்டமும் நிறைவேற்றப்பட்டது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருந்து, தூக்கத்தை விட்டு எழுந்து குடங்களை வரிசையில் வைத்த அனுபவம் நம் இல்லத்தரசிகள் எவருக்குத்தான் இல்லை?

சீவலப்பேரிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு, தாமிரபரணியோடு கலப்பது அவ்வூரின் அருகில்தான். நாம் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த நீரும் சுற்றிச் சுழன்று நம் ஊர்ப் பக்கமே வருகிறது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆற்றோடு எதிர்நடை

பயணத்தைச் சுப்ஹுத் தொழுகை முடிந்தவுடன் தொடங்கிவிடுவது நல்லது. கயத்தாற்றைக் கடக்கும்போது, 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம் இதுவென்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கங்கைகொண்டானைத் தாண்டித் திருநெல்வேலியை அடைந்ததும் முதன்முதலாக ஆறு கண்ணிற்படும். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அரசாங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் மக்களின் துயர் கண்டு தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டிய பாலம் அது. தருமம் என்பது எத்தனை தலைமுறைகளைக் கரை சேர்க்கும் என்பதற்கு அதைவிட எளிய பாடம் வேறு வேண்டியதில்லை.

அங்கிருந்து மேற்கே செல்லும் வழி முழுவதும் பச்சை. மேலப்பாளையம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இருபுறமும் நெல்வயலும் வாழையும் வாய்க்காலும். காலையில் நாம் விட்டு வந்த கருமண்ணும் இதுவும் ஒரே நாட்டின் நிலந்தானா என்று மனம் மலைக்கும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஆறும், அதன் குறுக்கே கட்டப்பட்ட எட்டு அணைக்கட்டுகளுமே. கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை உள்ள ஏழும் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே நம் முன்னோர் கட்டியவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது.

பத்தமடையில் சற்றே இறங்குங்கள். உலகப் புகழ் பெற்ற பட்டுப் பாய் பிறந்த ஊர் அது. ஆற்றங்கரையில் வளரும் கோரையை அறுத்து, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, நூலினும் மெல்லியதாகக் கிழித்து, சாயமேற்றி நெய்கிறார்கள். நெய்வோருள் மிகப் பலர் நம் சமுதாயத்துப் பெண்கள். நிக்காஹ் வீடுகளில் மணமக்கள் பெயர் பொறித்து விரிக்கும் பாயின் மென்மைக்குக் கோரையும் கைவிரலும் மட்டுமல்ல, ஆற்று நீரும் ஒரு காரணம் என்று அவர்கள் கூறுவார்கள்.

மலையிடுக்கில்

விக்கிரமசிங்கபுரத்தைக் கடந்ததும் மலை எதிரே வந்து நிற்கும். பாபநாசத்தில்தான் தாமிரபரணி சமவெளியில் கால் வைக்கிறது. அதற்கு மேல் வனத்துறையின் சோதனைச் சாவடி. வண்டியையும் பைகளையும் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் பைகள், எண்ணெய், சோப்பு, ஷாம்பு, மது ஆகியவற்றுக்கு உள்ளே இடமில்லை. முகம் சுளிக்காமல் ஒத்துழையுங்கள். அவர்கள் காப்பது நம் குடத்தைத்தான்.

சாவடியைக் கடந்து சிறிது தொலைவில் அகத்தியர் அருவி. குற்றாலத்தில் சாரல் நின்றால் அருவியும் மெலிந்துவிடும்; இங்கோ ஆண்டு முழுவதும் நீர் விழுகிறது. பெரும்பாறைகளுக்கு நடுவே ஆறு குறுகி, வெண்மையாக நுரைத்து, கீழே உள்ள தடாகத்தில் வந்து விழும். நீர் வடிந்த காலத்தில் பாறைகளைக் கூர்ந்து பாருங்கள். உரல் குழிகளைப் போல வட்ட வட்டமான பள்ளங்கள் தெரியும். எந்தச் சிற்பியும் அவற்றைக் குடையவில்லை. வெள்ளத்தில் உருண்டு வந்த கூழாங்கற்கள் ஓரிடத்தில் சிக்கி, சுழலில் சுற்றிச் சுற்றி, எண்ணற்ற ஆண்டுகளாகக் கடைந்த குழிகள் அவை. மென்மையான நீர் கடினமான பாறையை வென்ற கதை கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சோம்பும் மாணவர்களுக்கு நான் காட்டும் சான்று அதுவே.

மேலே செல்லும் காட்டுச் சாலை முண்டந்துறை வழியாகக் காரையாறு அணைக்குக் கொண்டு செல்லும். பாபநாசம் மேலணை என்றும் வழங்கும் இவ்வணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. அருகில் சேர்வலாறு அணை. அதன் மட்டம் 156 அடி. இவ்விரண்டின் நீரும் மலைக்குள் குடைந்த சுரங்கத்தால் இணைக்கப்பட்டுள்ளது. அணைநீர் பெருங்குழாய்களில் இறங்கிப் பாபநாசம் மின் நிலையத்தைச் சுழற்றுகிறது. 1944-ஆம் ஆண்டு முதல் அது மின்சாரம் தருகிறது. ஒரே நீர் முதலில் விளக்கெரிக்கிறது. பிறகு நெல் விளைவிக்கிறது. கடைசியில் நம் குடத்தை நிரப்புகிறது. இவ்வளவு வேலை செய்யும் ஊழியன் வேறு யார்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸா மாணவர்களை அகத்தியர் அருவிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கத்தலும் கும்மாளமும் ஓய்ந்த பின், ஒரு சிறுவன் இரு கைகளிலும் நீரை அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தான். "ஹஜரத், இந்தத் தண்ணி எங்க தெருக் குழாய்க்கு வர எத்தன நாளாகும்?" என்று கேட்டான். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோவில்பட்டிச் சிறுவனால் மட்டுமே கேட்க முடிந்த கேள்வி அது. "வழியில் எந்த மனிதனும் வீணாக்காமல் இருந்தால் சீக்கிரம் வரும்" என்றேன். அவன் கையிலிருந்த நீரைக் கீழே கொட்டவில்லை. மெல்ல நடந்து சென்று ஆற்றிலேயே விட்டான்.

காடு என்னும் ஊருணி

கோடையிலும் ஆறு ஓடுவது எப்படி? அணைகள் கட்டப்படுவதற்கு முன்பே தாமிரபரணி வற்றாத ஆறு என்று பெயர் பெற்றதே! இதற்கான விடை சாலையின் இருபுறமும் நிற்கிறது. ஆம், காடுதான்.

மலையில் பெய்யும் மழை முதலில் மரங்களின் இலைப் பரப்பில் விழுந்து வேகம் தணிகிறது. பிறகு தரையில் மெத்தையாகக் கிடக்கும் சருகுகளில் இறங்குகிறது. வேர்கள் துளைத்த மண்ணுக்குள் புகுந்து, பாறை இடுக்குகளில் தங்கி, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் கசிந்து ஓடைகளாகிறது. காட்டை அழித்துவிட்டால் அதே மழை ஒரே நாளில் வெள்ளமாக ஓடிக் கடலில் கலக்கும். மறுமாதம் ஆற்றில் மணல் மட்டுமே இருக்கும். மழைநீரைத் தேக்கி வைக்க நம் ஊர்களில் ஊருணி வெட்டினோம். பொதிகை மலையில் காடே ஓர் ஊருணியாக அமைந்திருக்கிறது.

இதை உணர்ந்தே இக்காட்டிற்கு உயர்ந்த பாதுகாப்பு அளித்திருக்கிறார்கள். 1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாயின. இரண்டையும் இணைத்து 1988-இல் தமிழகத்தின் முதலாவது புலிகள் காப்பகம் உருவாயிற்று. ஏறத்தாழ 895 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்காப்பகம் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதி. அவ்வுயிர்க்கோளக் காப்பகம் 2016-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் யுனெஸ்கோ அமைப்பினது உலகப் பட்டியலில் இடம் பெற்றது.

புலியைக் கண்டுவிடலாம் என்று எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். அது நம்மைக் காணும். நாம் அதைக் காண்பது அரிது. புலி வாழ வேண்டுமானால் மான் வாழவேண்டும். மான் வாழப் புல்லும் நீரும் வேண்டும். ஆகவே புலி இருக்கும் காடு முழுமையான காடு என்று பொருள். சிங்கவால் குரங்கு, கருமந்தி, வரையாடு, யானை, கரடி ஆகியவையும் இம்மலையின் குடிமக்கள். காணி இனத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காரையாற்றுப் பகுதியில் வாழ்கிறார்கள். காட்டின் மூலிகைகளை அவர்கள் அறிந்த அளவுக்கு அறிந்தவர் வேறு எவருமில்லை.

பஞ்சு போயிற்று, நீர் வந்தது

கரிசலுக்கும் இந்த மலையிடுக்கிற்கும் உள்ள உறவு குடிநீர்க் குழாயோடு தொடங்கியதன்று. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் என்ற ஸ்காட்லாந்து வணிகர்கள் பாபநாசத்தின் அடிவாரத்தில் நூற்பாலை ஒன்றை நிறுவினார்கள். மலையிலிருந்து விழும் நீரின் விசையே எந்திரத்தை ஓட்டப் போதுமானதாக இருந்தது. நூற்கப் பஞ்சு வேண்டுமே! திருநெல்வேலிப் பருத்தி என்று அந்நாளில் பெயர் பெற்றது நம் கரிசல் நிலத்துப் பருத்தியேயாகும். இப்பருத்தியையும் மானாவாரிப் பயிர்களையும் ஆராய்வதற்கென்று 1901-லேயே கோவில்பட்டியில் ஆராய்ச்சிப் பண்ணை அமைந்தது என்றால் அதன் மதிப்பை உணரலாம்.

நீர் இல்லாத நிலம் பஞ்சு கொடுத்தது. நிலம் குறைந்த மலையிடுக்கு நீர் கொடுத்தது. கொடுக்கல் வாங்கல் உள்ள இரு குடும்பங்களைப் போல இவை நூறாண்டுகளுக்கு மேலாகப் பிணைந்திருக்கின்றன. சம்பந்தி வீட்டுக்குச் செல்பவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படியே நாமும் அங்கே நடந்துகொள்ள வேண்டும்.

இன்னும் ஓர் உறவு உண்டு. அது இலக்கிய உறவு. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் நம் எட்டயபுரத்தில் வாழ்ந்தவர். அவருடைய அடக்கத்தலமும் அங்கேயே உள்ளது. 17-ஆம் நூற்றாண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கப் புகுந்த அவர், நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை எவ்வாறு காட்டுகிறார்? மலையில் மேகம் தவழ்ந்து மழை பொழிகிறது. வெள்ளம் பெருகி ஆறாக இறங்குகிறது. வயல்களில் நெல் விளைகிறது! பாலைவன நாட்டில் இவை ஏது என்று வினவுவோர் உண்டு. தமிழ்க் காப்பிய மரபு அது என்று ஆசிரியர்கள் விடை கூறுவர்; உண்மையே. ஆயினும் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கருமண் வெடித்துக் கிடக்கும் ஊரில் அமர்ந்து எழுதிய புலவர், தம் உள்ளத்திற்கு மிக உயர்ந்த நாட்டைப் பாடும்போது அந்நாட்டிற்குத் தம்மால் கொடுக்க முடிந்த மிகச் சிறந்த பரிசு எது? ஆறுதான்! தாகம் அறிந்தவனுக்கே நீரின் மதிப்புத் தெரியும்.

நேரம் இருப்பவர்கள் ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் திரும்பலாம். அவ்வழியில் உள்ள பொட்டல்புதூர்ப் பள்ளிவாசல், கற்றூண் மண்டபங்களோடு திராவிடக் கட்டடக் கலையில் அமைந்த அருமையான கட்டடம். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், 1918-இல் புதுவையிலிருந்து வெளிவந்த பின் ஏறத்தாழ இரண்டாண்டுகள் வாழ்ந்த ஊர் கடையம். அவருடைய துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊரும் அதுவே. கரிசலின் கவிஞரும் இம்மலையடிவாரத்திற்கு மாப்பிள்ளையாக வந்தவர்தாம்.

ஆறு தரும் எச்சரிக்கை

அழகைப் பற்றி இவ்வளவு கூறிவிட்டு ஆபத்தைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. மலையாற்றின் குணம் சமவெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் காயும். பத்து கிலோமீட்டர் மேலே மழை கொட்டும். சில நிமிடங்களில் நீர் செம்மண் நிறமாகிப் பேரிரைச்சலோடு வந்துவிடும். 2024-ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் இப்படித் திடீரென வந்த வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டு சென்றதை மறந்திருக்க மாட்டீர்கள். நீரின் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேலேறிவிட வேண்டும். பாசி படிந்த பாறையில் பிள்ளைகளைத் தனியே விடலாகாது. தடை என்று பலகை வைத்த இடத்தில் இறங்கலாகாது. பாணதீர்த்தம் போன்ற உட்பகுதிகளுக்கு அனுமதி உண்டா என்பதை வனத்துறையிடம் கேட்டறிந்த பின்னரே செல்லவேண்டும். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பல்லாயிரக்கணக்கான மக்கள் கூடுவதால் அந்நாட்களைத் தவிர்ப்பது நலம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழையை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். வறண்ட பூமியாகிய கோவில்பட்டியிலும் 50 சென்டிமீட்டருக்கு மேல்! ஊரெல்லாம் வெள்ளம், ஆனால் குடிக்க ஒரு குடம் தண்ணீர் இல்லை. ஏனெனில் தாமிரபரணிப் படுகையில் இருந்த நீரேற்று நிலையங்கள் பலவற்றை அந்த வெள்ளமே சேதப்படுத்திவிட்டது. நம் உயிர் எந்தக் குழாயில் தொங்குகிறது என்பதை அந்த நாட்கள் காட்டிக் கொடுத்தன.

விருந்தாளியின் ஒழுக்கம்

மலையில் பளிங்கு போல் இருக்கும் ஆறு கீழே வரவர என்னவாகிறது? பாபநாசம் படித்துறைகளில் விட்டுச் செல்லப்படும் பழந்துணிகளைத் தொண்டர்கள் வண்டி வண்டியாக அள்ளுகிறார்கள். வழியில் உள்ள ஊர்களின் சாக்கடைகளும் திருநெல்வேலி மாநகரின் கழிவுநீரும் ஆற்றில் கலக்கின்றன. நமக்கு நீர் எடுக்கும் சீவலப்பேரி, திருநெல்வேலிக்குக் கீழே உள்ளது என்பதை நினைவில் கொள்ளுங்கள்! நீரை வடிகட்டித் தரும் ஆற்று மணலையும் அள்ளித் தீர்த்த காலம் ஒன்று இருந்தது.

பிறரைக் குறை கூறுவது எளிது. நம் வீட்டுச் சுற்றுலாக்களை எண்ணிப் பாருங்கள். டெக்சா நிறையப் பிரியாணி, நூறு காகிதத் தட்டுகள், தண்ணீர்ப் பாக்கெட்டுகள், தயிர்ப் பச்சடிக்கு நெகிழிக் கிண்ணங்கள். உண்டு முடித்ததும் எலும்பும் தட்டும் எங்கே போகின்றன? பாறை மறைவிலன்றோ! அவ்வெலும்பைத் தேடி வரும் குரங்கும் பன்றியும் பிறகு மனிதனைக் கண்டால் அஞ்சுவதில்லை. உணவு கேட்டுப் பாய்கின்றன. எனவே உணவைக் காப்பகத்திற்கு வெளியே, அம்பாசமுத்திரத்திலோ விக்கிரமசிங்கபுரத்திலோ முடித்துக்கொள்வதே முறை. வீட்டுத் தட்டுகளையே கொண்டு செல்லுங்கள். கழுவும் வேலையை ஆண்களும் பகிர்ந்துகொள்ளட்டும். குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

லுஹருக்கு ஆற்றங்கரையில் ஒளூச் செய்யும் பேறு கிடைக்கும். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளூவில் நீரை விரயம் செய்யலாகாது என்பது நம் பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. வற்றாத ஆற்றில் ஒரு கை நீர் கூடினால் என்ன குறையும் என்று தோன்றலாம். ஆற்றுக்குக் குறையாது, பழக்கம் கெட்டுப்போகும். ஆற்றங்கரையில் அளவோடு எடுக்கப் பழகிய கை, வீட்டுக் குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நிற்காது. நீர்த்துறையிலும் நடைபாதையிலும் மக்கள் அமரும் நிழலிலும் அசுத்தம் செய்வதை மார்க்கம் கடுமையாகத் தடுத்திருப்பதையும் புறப்படும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அருவியில் கூட்டம் சேரும் முன், காலை வேளையிலேயே சென்றுவிட்டால் பெண்களும் முதியவர்களும் நெருக்கடியின்றி இருக்கலாம். காப்பக வாயில் மாலைக்கு முன்பே அடைக்கப்படும் என்பதால் பொழுதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியை வண்டியிலேயே நிறுத்திவிடுங்கள். பாட்டு வேண்டுமென்றால் ஆறே பாடிக்கொண்டிருக்கிறது.

திரும்பி வந்த பின்னர்தான் இப்பயணத்தின் பயன் தெரியவேண்டும். பொதிகையின் 1,860 மீட்டருக்கும் மேற்பட்ட உச்சியிலிருந்து புன்னைக்காயல் கடல்வரை ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு, தமிழகத்திலேயே பிறந்து தமிழகத்திலேயே கடலில் கலக்கிறது. இதற்காக நாம் எந்த அயல் மாநிலத்தாரிடமும் சண்டையிடத் தேவையில்லை. இதைக் கெடுத்தாலும் எவர் மீதும் பழி போட முடியாது. வாழ்த்தும் வசையும் நமக்கே.

இல்லத்துத் தாய்மார்களே! அடுத்த முறை தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது, குடத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். "குழாயிலிருந்து" என்று சொன்னால் விடுமுறைக்குக் காத்திருங்கள். "காரையாற்றிலிருந்து இறங்கி, பாபநாசம் பாறை வழியாக, சீவலப்பேரிக்கு வந்து, நம் வீட்டுக்கு வருகிறது" என்று சொன்னால், அந்தக் குடத்தில் ஒரு சொட்டும் வீணாகாது. நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் அந்த ஆறு வற்றாமல் ஓட வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.